"காலி பஸ்ஸுக்கு நான் ஏன் பணம் தர வேண்டும்?"

வாசகர் கேள்வி பதில்

பேருந்து தாமதமாக வருவதற்குப் பெரும்பாலும் ஓட்டுநர் காரணமில்லை என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: பணம். சேவையைக் கூட்டப் பணம் வேண்டும், சரி, அதைத் தரச் சொல்லி மக்களைச் சம்மதிக்க வைப்பது எப்படி? புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஒரு பொதுப் போக்குவரத்து நிறுவனத்தின் கால அட்டவணைப் பிரிவில் 31 ஆண்டு வேலை பார்த்தவள். அதில் கடைசிப் பத்து ஆண்டு, ஊர் ஊராகக் கூட்டத்துக்குப் போய் நிறுவனத்தின் சார்பில் திட்டு வாங்கி வரும் வேலை. அதற்கு அலுவலகத்தில் மரியாதையான வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

கேள்வி: எங்கள் ஊரையும் அக்கம்பக்கத்து ஆறேழு ஊர்களையும் இணைக்கும் பேருந்துச் சேவைக்காகத் தனி வரி கொண்டுவர ஆதரவு திரட்டும் குழுவில் இருக்கிறேன். கூட்டம் போட்டால் இருபது பேர் வருகிறார்கள். இருபது பேரும் ஏற்கெனவே எங்கள் பக்கம் இருப்பவர்கள். மற்றவர்களிடம் எப்படிப் பேசுவது?
– குழுச் செயலாளர் ஒருவர்

பதில்: நான் பேசிய முதல் கூட்டத்தைச் சொல்கிறேன். அதிலிருந்து எப்படிப் பேசக் கூடாது என்றாவது தெரியும்.

சுவர் அளவுக்கு ஒரு வரைபடம் கொண்டு போயிருந்தோம். ஆறு நிறத்தில் கோடுகள். பதினைந்து ஆண்டுத் திட்டம். 'ஒருங்கிணைந்த', 'நீடித்த', 'தொலைநோக்கு' என்று அரை மணி நேரம் பேசினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "அம்மா, நீங்க சொன்னதெல்லாம் சரி. எங்க ஸ்டாப்புல கடைசி பஸ் இப்ப ஏழே முக்காலுக்கு. நீங்க கேக்குற பணத்தக் குடுத்தா அது எத்தன மணிக்கு ஆகும்?"

எனக்குத் தெரியவில்லை. இருபது வருடம் டைமிங் போட்டுக் கொண்டிருந்தவளுக்கு, எதற்காகப் பணம் கேட்க வந்தேனோ அந்த டைமிங் தெரியவில்லை. "பரிசீலித்துச் சொல்கிறோம்" என்றேன். அவர் உட்கார்ந்த விதத்திலேயே அந்த வரிசை முழுவதும் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று தெரிந்து போயிற்று.

அதற்கு அடுத்த கூட்டத்திலிருந்து வரைபடத்தை வீட்டிலேயே விட்டுவிட்டேன். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு தாள். இடப்பக்கம் 'இப்போது', வலப்பக்கம் 'பணம் வந்தால்'. முதல் பஸ் எத்தனை மணி, கடைசி பஸ் எத்தனை மணி, நடுவில் எவ்வளவு நேரம் காக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை உண்டா இல்லையா. அவ்வளவுதான். சில நிறுத்தங்களில் வலப்பக்கம் எழுத ஒன்றும் இருக்காது. அங்கே 'மாற்றம் இல்லை' என்றே எழுதினேன். மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை, ஏதாவது நல்லதாக எழுதக் கூடாதா என்றார். ஆனால் அந்த 'மாற்றம் இல்லை' தாள்கள்தான் மற்றத் தாள்களை நம்ப வைத்தன. "இங்க ஒண்ணும் கிடைக்காதுன்னு எழுதியே குடுத்துட்டாங்க, அப்ப பக்கத்து ஸ்டாப்புக்கு எழுதினதும் நிஜமாத்தான் இருக்கும்" என்று ஒரு அம்மா சொல்லிக் கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரம் இதற்கு நல்ல உதாரணம். 2018 மே மாதம் அங்கே பொதுப் போக்குவரத்துக்கான வரி வாக்கெடுப்புக்கு வந்தது. திட்டத்தின் நடுநாயகம் இலகு ரயில் (டிராம் போன்ற சிறு ரயில்), நகர மையத்துக்கு அடியில் ஒரு சுரங்கம். சுமார் 64 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். திட்டத்தின் முகமாக இருந்த மேயர் வேறொரு விவகாரத்தில் இரண்டு மாதம் முன்பு பதவி விலகியதும் சேர்ந்து கொண்டது. 2024 நவம்பரில் மறுபடி கேட்டார்கள். இந்த முறை ரயிலும் இல்லை, சுரங்கமும் இல்லை. கூடுதல் பேருந்து, நாள் முழுக்க ஓடும் சேவை, நடைபாதைகள், சிக்னல்களைச் சரிசெய்வது. விற்பனை வரியில் அரை சதவீதம். சுமார் மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆமாம் என்றார்கள். நடைபாதை என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். நிறுத்தம் வரை நடக்க வழியில்லாதவனுக்கு பஸ் இருந்தும் இல்லாததுதானே. பஸ்ஸே ஏறாதவன்கூட அந்த நடைபாதையில் நடப்பான்.

நீங்கள் கூட்டம் போடுவதை நிறுத்துங்கள் என்பது என் யோசனை. அடுத்தவர் போடும் கூட்டத்துக்குப் போங்கள். மருத்துவமனையில் ஷிஃப்ட் மாறும் நேரம், கல்லூரிப் பெற்றோர் கூட்டம், வணிகர் சங்கம், மூத்தோர் மன்றம். ஐந்து நிமிடம் கேளுங்கள், நான்கு நிமிடத்தில் முடியுங்கள். பேசுவதும் நீங்களாக இருக்க வேண்டாம். இரவுப் பணி முடிந்து விடியும் வரை வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு செவிலியர் பேசினால், நான் பத்துக் கூட்டத்தில் பேசியதற்குச் சமம்.

கேள்வி: நான் பேருந்தில் ஏறி எட்டு வருடம் ஆகிறது. கார் இருக்கிறது. என் வீட்டு வழியே போகும் பஸ் பாதி நேரம் காலியாகத்தான் போகிறது. அந்தக் காலி பஸ்ஸுக்கு நான் ஏன் பணம் தர வேண்டும்? கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.
– காரில் போகிறவர்

பதில்: இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. காலியாக ஏன் போகிறது என்பது ஒன்று, உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பது இன்னொன்று.

காலி பஸ்ஸிலிருந்து தொடங்குகிறேன். நான் வேலையில் இருந்தபோது ஒரு தடத்தில் இரவு கடைசி நடையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அதில் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் ஆள். கணக்குப்படி சரியான முடிவு. நிறுத்தினோம். சில மாதத்தில் காலை ஆறரை மணி நடையிலும் கூட்டம் குறைந்தது. ஏன் என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. பிறகு ஒரு நடத்துநர் சொன்னார்: காலையில் போகிற பெண்கள் சிலருக்கு வேலை முடிய எப்போதாவது இரவாகிவிடும். திரும்ப வண்டி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் காலையில் பஸ்ஸில் போனார்கள். அந்த தைரியம் போனதும் காலையிலேயே வேறு ஏற்பாடு செய்து கொண்டார்கள். உங்கள் வீட்டு வழியே இரவு காலியாகப் போகும் பஸ், காலை வண்டியை நிறைக்கும் பஸ்ஸாக இருக்கலாம். எல்லாக் காலி பஸ்ஸும் அப்படி என்று சொல்ல மாட்டேன். சிலது வெறும் காலிதான், தடத்தை வரைந்தவரின் தவறு. நானும் அப்படிச் சில தடங்கள் வரைந்திருக்கிறேன்.

இனி உங்களுக்கு என்ன? லாஸ் ஏஞ்சலீஸ் மாவட்டம் காருக்குப் பேர் போனது. அங்கே இப்படி ஒரு வரி நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2008இல் அந்த எல்லையைச் சற்றே தாண்டி வரியை ஏற்றுக்கொண்டார்கள், 2016இல் 71 சதவீதம் பேர் இன்னொன்றையும். வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் பஸ்ஸோ ரயிலோ ஏறுபவர்கள் இல்லை. தம் வீட்டு முதியவருக்காக, ஓட்ட முடியாமல் போகப் போகும் தம் நாளைக்காக, தம் கடை ஊழியர் நேரத்துக்கு வர வேண்டும் என்பதற்காக, சிலர் முன்னால் போகிறவன் பஸ்ஸில் ஏறித் தொலைந்தால் நமக்கு வழி கிடைக்குமே என்பதற்காக. கடைசிக் காரணத்தைக் கேட்டு ஆதரவாளர்கள் முகம் சுளிப்பார்கள். நான் சுளிக்க மாட்டேன். எந்தக் காரணத்துக்காகப் போட்டாலும் ஓட்டு ஓட்டுதான்.

ஒன்று மட்டும் உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: பஸ் வந்தால் உங்கள் சாலை நெரிசல் தீர்ந்துவிடும் என்பது. சாலையில் காலியாகும் இடத்தை வேறு கார்கள் நிரப்பிக் கொள்ளும். நெரிசலில் மாட்டாமல் போக இன்னொரு வழி இருக்கும் என்பதுதான் நேர்மையாகத் தரக்கூடிய வாக்கு. 2015இல் கனடாவின் வான்கூவர் வட்டாரத்தில் வரிக்கே 'நெரிசல் மேம்பாட்டு வரி' என்று பெயர் வைத்து வாக்கு கேட்டார்கள். அந்தப் பெயரில் எனக்கு அப்போதே உறுத்தல். அது எப்படி முடிந்தது என்பதைக் கீழே வேறொருவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

பணம் உங்கள் சட்டைப்பையிலிருந்து மட்டும்தான் வர வேண்டும் என்றும் இல்லை. பாரிஸ் வட்டாரத்தில் 1971 முதல், ஓரளவுக்கு மேல் ஆள் வைத்திருக்கும் முதலாளிகள் சம்பளக் கணக்கின் அடிப்படையில் போக்குவரத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். பிரான்சின் மற்ற நகரங்களுக்கும் அது பரவியது. வியன்னாவில் 1970 முதல் ஒவ்வொரு ஊழியருக்கும் வாரத்துக்கு இவ்வளவு என்று முதலாளிகள் கட்டுகிறார்கள், அதற்கு மக்கள் வைத்த பெயரே 'மெட்ரோ வரி'. தொழிலாளியைக் கொண்டுவந்து சேர்ப்பதால் லாபம் யாருக்கு என்ற கேள்விக்கு அந்த ஊர்கள் சொன்ன பதில் அது.

கேள்வி: நன்றாக நடத்தினால் டிக்கெட் பணத்திலேயே ஓட்டலாமே? ஏன் எப்போதும் நட்டம்?
– ஓய்வுபெற்ற கணக்கர்

பதில்: கணக்கர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன்.

ஒரு தடம், போக 50 நிமிடம், வர 50 நிமிடம். இரண்டு முனையிலும் பத்துப் பத்து நிமிடம் நிறுத்தம், இல்லாவிட்டால் ஒரு தாமதம் நாள் முழுக்கத் தொடரும். ஆக ஒரு சுற்றுக்கு 120 நிமிடம். மணிக்கு ஒரு பஸ் விட இரண்டு வண்டி போதும். அரை மணிக்கு ஒன்று என்றால் நான்கு. கால் மணிக்கு ஒன்று என்றால் எட்டு. அதற்கு மேல் ஒரு ஸ்பேர். ஒவ்வொரு வண்டிக்கும் காலை, மாலை என்று இரண்டு ஷிஃப்ட். வார விடுப்பு, உடம்பு சரியில்லாத நாள், பண்டிகை எல்லாம் சேர்த்தால் வண்டிக்கு ஏறத்தாழ மூன்று ஓட்டுநர். எட்டு வண்டிக்கு 24 பேர். பெரும்பாலான இடங்களில் செலவில் பெரிய பங்கு இந்தச் சம்பளம்தான், டீசல் அதற்குப் பிறகு.

இப்போது வரவைப் பாருங்கள். இரண்டு வண்டியை எட்டாக்கினால் செலவு நான்கு மடங்கு. அந்த மாதமே ஆள் நான்கு மடங்கு ஏறுமா? ஏறாது. கால் மணிக்கு ஒரு பஸ் நிச்சயம் என்று ஊர் நம்பி, அதை வைத்து வீடும் வேலையும் பள்ளியும் தேர்ந்தெடுக்க ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியை யாராவது தாங்க வேண்டும். டிக்கெட் விலையை ஏற்றித் தாங்கலாம் என்றால், இருக்கிற ஆளும் இறங்கிவிடுவார்.

'நட்டம்' என்ற சொல்லோடு எனக்கு 31 வருடச் சண்டை. சாலை நட்டம் என்று யாரும் எழுதுவதில்லை. தெருவிளக்கு போன மாதம் எவ்வளவு சம்பாதித்தது என்று கேட்பதில்லை. எல்லாச் செலவையும் இப்படிச் சொல்லித் தப்பிக்கக் கூடாது என்பதும் தெரியும். நெரிசல் நேர வண்டிகளைப் பகலெல்லாம் டிப்போவில் நிறுத்திவிட்டு, ஆளில்லாத தடத்தில் வேறு வண்டியை ஓட்டியிருந்தால் அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 2015 ஆகஸ்டில் ஒரே இரவில் பேருந்துத் தடங்கள் எல்லாவற்றையும் மாற்றி அமைத்தார்கள். வளைந்து வளைந்து போன தடங்களை நேராக்கி, அடிக்கடி ஓடும் தடங்களை அதிகமாக்கினார்கள். செலவு பெரிதாக ஏறவில்லை. முதலில் கையில் இருப்பதை ஒழுங்காக்கிவிட்டு வந்து கேள் என்று சொல்கிறவர்களிடம் இப்படிச் செய்துவிட்டுப் போனால்தான் வாய் திறக்க முடியும்.

இன்னொன்று. பேருந்து இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. அமெரிக்காவின் அட்லாண்டா நகரை அடுத்த கிளேட்டன் மாவட்டம் 1971இல் வட்டாரப் போக்குவரத்து அமைப்பில் சேர மாட்டேன் என்று வாக்களித்தது. பிறகு சொந்தமாக ஒரு பேருந்துச் சேவை நடத்தியது, பணமில்லை என்று 2010 மார்ச் இறுதியில் அதையும் நிறுத்தியது. வேலைக்குப் போக வழியில்லாமல் மக்கள் சாலையோரம் நடந்தார்கள். 2014 நவம்பரில் அதே மாவட்டம், விற்பனை வரியில் ஒரு சதவீதம் கூட்டி அந்த அமைப்பில் சேர்வதை நான்கில் மூன்று பங்குக்கு நெருங்கிய ஆதரவோடு ஏற்றுக்கொண்டது. அடுத்த மார்ச்சிலேயே பஸ் ஓடத் தொடங்கியது. வாக்குக்கும் பஸ்ஸுக்கும் இடையில் நான்கு மாதம். அதைக் கவனியுங்கள்.

கேள்வி: முதலில் பணம் கேட்பதா, முதலில் செய்து காட்டுவதா?
– உள்ளாட்சி உறுப்பினர் ஒருவர்

பதில்: முடிந்தால் செய்து காட்டுங்கள். மூன்று நகரங்களை வைத்துச் சொல்கிறேன். மூன்றிலும் ஏறத்தாழ ஒரே யோசனை: நகருக்குள் வரும் கார்களுக்குக் கட்டணம்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 2005 பிப்ரவரியில் காகிதத்தில் இருந்த திட்டத்தைக் காட்டி வாக்கு கேட்டார்கள். சுமார் 74 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தில் 2008 டிசம்பரில், பேருந்துக்கும் டிராமுக்கும் பல நூறு கோடி பவுண்டு வரும் என்று சொல்லிக் கேட்டார்கள். சுமார் 79 சதவீதம் எதிர்ப்பு, பத்து உள்ளாட்சிகளில் ஒன்றுகூட ஒப்பவில்லை. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் வரிசையை மாற்றினார்கள். 2005 ஆகஸ்டில் கூடுதல் பேருந்துகளை விட்டார்கள். 2006 ஜனவரி 3 முதல் ஜூலை இறுதி வரை கட்டணத்தைச் சோதனைக்கு வசூலித்தார்கள். நகர மையத்துக்குள் நுழைந்து வெளியேறும் வண்டிகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஆகஸ்டில் கட்டணத்தை நிறுத்தினார்கள், மறுநாளே வண்டிகள் திரும்பி வந்து நின்றதை எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். செப்டம்பரில் வாக்கெடுப்பு. சோதனைக்கு முன் பெரும்பான்மை எதிர்ப்பு இருந்த நகரம் சிறு பெரும்பான்மையில் ஆமாம் என்றது. நகருக்கு வெளியே தனியாக வாக்கெடுத்த பக்கத்து ஊர்கள் வேண்டாம் என்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை அரைகுறை.

உங்கள் ஊரில் இப்படிக் கட்டணச் சோதனைக்கெல்லாம் வழி இல்லாமல் இருக்கலாம். ஒரே ஒரு தடத்தை எடுத்துக் கொள்ளுங்கள். இருக்கிற பணத்தில், வேறெங்கோ கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆறு மாதம் கால் மணிக்கு ஒரு பஸ் விடுங்கள். அப்புறம் பக்கத்துத் தடத்துக்காரர்கள் தாங்களே உங்களிடம் வந்து கேட்பார்கள். அந்தப் பொறாமைக்கு ஈடான பிரசாரம் கிடையாது.

கேள்வி: வரி போட எனக்கு ஆட்சேபணை இல்லை. இவர்கள் கையில் கொடுக்கத்தான் ஆட்சேபணை.
– கோபக்கார வாசகி

பதில்: உங்களைப் போன்றவர்கள்தான் வான்கூவரில் முடிவு செய்தார்கள். 2015 வசந்தத்தில் தபால் வழி வாக்கெடுப்பு, விற்பனை வரியில் அரை சதவீதம். நகரத் தலைவர்கள் பெரும்பாலோர் ஆதரவு, சங்கங்கள் ஆதரவு, வணிகர் அமைப்புகளும் ஆதரவு. எதிர்த்தவர்கள் பேருந்தைப் பற்றியே பேசவில்லை. போக்குவரத்து அமைப்பின் நிர்வாகத்தைப் பற்றிப் பேசினார்கள். பிரசாரத்தின் நடுவே அந்த அமைப்பு தலைமை நிர்வாகியை மாற்றியது. பழையவரின் ஒப்பந்தம் முடியாததால் ஒரே பதவிக்கு இரண்டு பேருக்குச் சம்பளம் போயிற்று. எதிர்த்தவர்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? சுமார் 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

என் சொந்த அனுபவமும் உண்டு. நான் இருந்த நிறுவனம் ஒரு புதிய தடத்தை 'அடுத்த ஆண்டு' என்று அறிவித்தது. அந்த வாக்கைக் கூட்டங்களில் சொன்னது நான். வண்டி வந்து சேரவில்லை, ஓட்டுநர் கிடைக்கவில்லை, இரண்டரை ஆண்டு இழுத்தது. அதைவிட மோசம், ஏன் இழுக்கிறது என்று யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது ஆண்டு அதே கூடத்துக்குப் போனேன். ஒரு இளைஞர் கையில் என் பழைய தாளை மடித்து வைத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியவை: பணம் தனிக் கணக்கில் இருக்குமா, வேறு செலவுக்கு மாற்றச் சட்டம் இடம் தருமா? போக்குவரத்து நிறுவனத்தில் சம்பளம் வாங்காத ஒரு குழு அதை ஆண்டுதோறும் தணிக்கை செய்து அறிக்கையை வெளியிடுமா? தாமதமானால் எத்தனை நாளுக்குள் காரணம் சொல்வார்கள்? லண்டனில் 2003 பிப்ரவரியில் கார்களுக்கு நுழைவுக் கட்டணம் வந்தபோது, மிஞ்சும் வருவாயைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. முதல் நாளே கூடுதல் பேருந்துகள் தெருவில் நின்றன. இப்படி எழுதித் தராதவர்களுக்கு நீங்கள் வாக்களிக்காவிட்டால் நான் உங்களைத் தப்புச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: எங்கள் ஊர் வட்டாரத்தின் ஓரத்தில் இருக்கிறது. வரி எல்லாருக்கும் ஒன்று, பஸ் மட்டும் நடு ஊருக்கு. இது என்ன நியாயம்?
– எல்லையோர வாசகர்

பதில்: வட்டார அளவில் பணம் கேட்கும் இடத்திலெல்லாம் எழுகிற கேள்வி. பெரும்பாலும் இதில்தான் கப்பல் கவிழ்கிறது. இதற்கு இரண்டு விதமாகப் பதில் தேடியிருக்கிறார்கள்.

ஒன்று, எல்லாருக்கும் ஏதாவது. அட்லாண்டா வட்டாரத்தில் 2012இல் பத்து மாவட்டங்கள், 157 திட்டங்கள், சாலை பாதி, ரயிலும் பஸ்ஸும் பாதி. எல்லாரையும் திருப்திப்படுத்தப் போய், வரியே பிடிக்காதவர்களும் எதிர்த்தார்கள், சாலை அதிகம் என்று சுற்றுச்சூழல்காரர்களும் எதிர்த்தார்கள். 63 சதவீதம் எதிர்ப்பு. 157 திட்டத்தை யாரால் நினைவு வைத்துக்கொள்ள முடியும்? ஒரு வீட்டுக்காரருக்குத் தன் திட்டம் எது என்று தெரியவில்லை என்றால் அவருக்குத் தெரிவது வரி ஒன்றுதான்.

இன்னொன்று, விதி. சுவிட்சர்லாந்தின் சூரிச் மாநிலத்தில், குடியிருப்பவர், வேலை செய்பவர், படிப்பவர் சேர்த்து 300 பேர் இருக்கும் குடியிருப்புக்குப் பொதுப் போக்குவரத்து கிடைத்தாக வேண்டும் என்பது விதி. பற்றாக்குறையில் பாதியை மாநிலம் ஏற்கிறது, பாதியை ஊர்கள் பகிர்ந்து கொள்கின்றன, எந்த ஊருக்கு எவ்வளவு சேவை போகிறது என்பதைப் பெரிதும் பொறுத்து. நிறைய பஸ் வரும் ஊர் நிறையக் கட்டும். ஒரே டிக்கெட்டில் ரயில், டிராம், பஸ், படகு எல்லாம் ஏறலாம். ஓரத்து ஊருக்கு அங்கே சலுகை என்று ஒன்றும் கிடையாது, உரிமை இருக்கிறது. நான் பார்த்ததில் இதைவிட நியாயமான ஏற்பாடு இல்லை. அமெரிக்காவின் சியாட்டிலில் ரயில் அமைப்பின் பகுதியை ஐந்து துணை வட்டாரங்களாகப் பிரித்து, எங்கே வசூலானதோ அந்தப் பகுதியின் நன்மைக்கே செலவழிப்பது என்று வைத்திருக்கிறார்கள். நம்பிக்கை தர உதவும். ஆனால் ஏழைப் பகுதிக்கு ஏழைச் சேவைதான் கிடைக்கும் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது.

உங்கள் ஊரின் எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "எத்தனை பேர் இருந்தால் எத்தனை பஸ்?" என்று விதியைக் கேளுங்கள். தயவு கேட்காதீர்கள்.

கேள்வி: இலவசமாக்கிவிட்டால் ஆதரவு தானாக வந்துவிடாதா?
– மாணவி

பதில்: கொஞ்சம் வரும். எஸ்டோனியாவின் தாலின் நகரம் வாக்கெடுப்பு நடத்தி 2013 முதல் தன் நகரவாசிகளுக்கு இலவசமாக்கியது. லக்சம்பர்க் 2020 முதல் நாடு முழுவதும். மணிக்கு ஒரு பஸ் இருக்கும் ஊரில் இலவசமாக்கினால், மணிக்கு ஒரு இலவச பஸ் இருக்கும். ஆனால் உடனே கண்ணுக்குத் தெரியும் பலன் என்ற வகையில் கட்டணக் குறைப்புக்குப் பலம் உண்டு. அட்லாண்டாவில் 1971இல் வரிக்கு வாக்கு கேட்டபோது, ரயில் வரப் பல ஆண்டாகும் என்பது எல்லாருக்கும் தெரியும். 40 சென்ட் பஸ் கட்டணத்தை 15 சென்ட் ஆக்குவோம் என்றார்கள். அடுத்த மார்ச்சிலேயே ஆக்கினார்கள். ரயில் ஓடியது 1979இல்.

கேள்வி: போன முறை வாக்கெடுப்பில் தோற்றோம். குழுவில் பாதிப் பேர் போய்விட்டார்கள். மறுபடி ஆரம்பிக்கத் தெம்பு இல்லை.
– மனம் தளர்ந்த உறுப்பினர்

பதில்: எத்தனை வாக்கில் தோற்றீர்கள் என்று எழுதவில்லையே. லாஸ் ஏஞ்சலீஸில், மேலே சொன்ன 2008 வரியை நீட்டிக்க 2012இல் கேட்டபோது 66.1 சதவீதம் ஆதரவு கிடைத்தது. தோல்வி. மூன்றில் இரண்டு பங்குக்கு அரை சதவீதத்துக்கும் மேல் குறைவு. நான்கு ஆண்டு கழித்துத்தான் மேலே சொன்ன 71 சதவீதம்.

சியாட்டில் கதை இன்னும் கசப்பு. 1968இல் ரயிலுக்கான கடன் பத்திரத்துக்குப் பாதிக்குச் சற்று மேல் ஆதரவு, தேவை 60 சதவீதம். 1970இல் மறுபடி கேட்டார்கள். அதற்குள் விமானத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வேலை போயிருந்தது, ஆதரவு 46 சதவீதத்துக்கு இறங்கியது. அவர்களுக்கு வரவிருந்த மத்திய அரசுப் பணம் அட்லாண்டாவுக்குப் போயிற்று. 2007இல் சாலையையும் ரயிலையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கேட்டுத் தோற்றார்கள். மறு ஆண்டே சாலையைக் கழற்றிவிட்டு ரயிலையும் பஸ்ஸையும் மட்டும் கேட்டார்கள், கிடைத்தது. பொட்டலத்தில் எது கனம் என்று ஒரு வருடத்தில் கண்டுபிடித்ததுதான் அவர்கள் சாமர்த்தியம்.

சூரிச் நகரம் 1973இல் சுரங்க ரயிலை நிராகரித்தது. 1977இல் அதே மக்கள், இருக்கிற டிராமையும் பஸ்ஸையும் வேகமாக்கப் பத்து ஆண்டில் 20 கோடி பிராங்கு செலவழிக்கச் சம்மதித்தார்கள். தனித் தடம், சிக்னலில் முன்னுரிமை என்று சின்னச் சின்ன வேலைகள். டிராம் நேரத்துக்கு வருவதைக் கண்ட பிறகு, 1981இல் வட்டார ரயிலுக்கான பெரிய பணத்துக்கும் ஆமாம் என்றார்கள்.

நீங்கள் போன முறை என்ன கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியாது. வாக்குச்சாவடி வாரியாக முடிவுகள் கிடைக்கும், வாங்குங்கள். நூலிழையில் தோற்ற ஐந்து இடங்களைக் குறியுங்கள். அந்த ஐந்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் காலை ஏழு முதல் ஒன்பது வரை ஒரு வாரம் நில்லுங்கள். பிரசுரம் எதுவும் வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும். எத்தனை மணி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள், எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு வந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று மட்டும் கேளுங்கள். பஸ் ஏறாமல் பைக்கில் போகிறவர்களையும் நிறுத்திக் கேளுங்கள். நோட்டு நிறைந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். டைமிங் நானே போட்டுத் தருகிறேன், இப்போது எனக்கு வேறு வேலை இல்லை.